பேசாத கல் ஒன்று

ஓர் அரசனுடைய தலையை வெட்டிய இடத்திலே, பிறகு எதைக் கொண்டுவந்து நிறுத்துவது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்ஸை ஆண்ட ஒவ்வொருவரையும் இந்தக் கேள்வி தொல்லைப்படுத்திக்கொண்டே இருந்தது. பாரிஸ் நகரின் நடுவிலே, ஸேன் நதியின் வலது கரையோரமாக ஏறத்தாழ இருபது ஏக்கர் பரப்பிலே விரிந்து கிடக்கிறது ஒரு சதுக்கம். அங்கு நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் நகரத்தின் அழகு கண்ணில் படும். நடுவிலே மட்டும் ஒரு வெறுமை. அந்த வெறுமையில் எதை வைத்தாலும் அது யாரோ ஒருவருடைய பழைய புண்ணைக் கீறிவிட்டது. கடைசியில் அங்கே வந்து நின்ற கல்லின் கதையைத்தான் இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்டேன்.

அந்த இடத்திலே முதலில் நின்றவன் பதினைந்தாம் லூயி மன்னன். குதிரைமேல் அமர்ந்த வெண்கலச் சிலையாக 1763 இல் அவனை நிறுத்தினார்கள். சதுக்கத்துக்கும் அவன் பெயரையே இட்டார்கள். முப்பது வருடம் முழுதாக நிற்கக் கொடுத்துவைக்கவில்லை. 1792 ஓகஸ்டில் புரட்சிக்காரர் சிலையை இழுத்து வீழ்த்தினர். பீடம் மிஞ்சியது. சதுக்கத்துக்குப் புரட்சிச் சதுக்கம் என்று பெயர் மாறியது. பீடத்துக்கு அப்பால் கிலட்டின் இயந்திரம் வந்தது. 1793 ஜனவரி 21 ஆம் திகதி, சிலையாக நின்றவனின் பேரனாகிய பதினாறாம் லூயியின் தலை அங்கே விழுந்தது. அதே வருடம் ஒக்டோபரில் அவனுடைய இராணி மரீ அன்ரோனெற். அடுத்த வருடம் ஏப்ரலில் தாந்தோன். ஜூலையில், தாந்தோனை அனுப்பிவைத்த ரொபெஸ்பியேர். எல்லாமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அரசனை வெட்டிய கத்தியே அரசனை வெட்டச் சொன்னவர்களையும் வெட்டியது.

அலை ஓய்ந்தபின், 1795 இல், சதுக்கத்துக்கு 'கொன்கோர்ட்' என்று பெயர் வைத்தார்கள். இணக்கம், மன ஒற்றுமை என்று பொருள். இணக்கம் இல்லாத இடத்துக்குத்தானே அப்படிப் பெயர் வைக்கவேண்டி வருகிறது! நெப்போலியன் விழுந்து பழைய அரச குலம் மீண்டு வந்தபோது பெயர் மறுபடியும் பதினைந்தாம் லூயியானது. பிறகு பதினாறாம் லூயியானது. கொலையுண்ட அரசனின் தம்பியான பத்தாம் சார்ள்ஸ், 1826 இல் அந்த இடத்திலே அண்ணனுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பவென்று அடிக்கல்லும் நாட்டினான். அடிக்கல் அடிக்கல்லாகவே கிடந்தது. 1830 ஜூலையில் இன்னொரு புரட்சி வந்து சார்ள்ஸை நாட்டைவிட்டே துரத்தியது.

அப்போது அரியணை ஏறியவர் லூயி பிலிப். இவருடைய சங்கடம் மற்ற எவருடையதையும்விடப் பெரியது. இவருடைய தகப்பனார் அரச குலத்திலே பிறந்தும் புரட்சியின் பக்கம் சேர்ந்தவர். தம் உறவினனான பதினாறாம் லூயிக்கு மரண தண்டனை கொடுக்கவேண்டும் என்று சபையிலே வாக்களித்தவர். அதே வருடம் நொவெம்பரில் அதே சதுக்கத்தில் அவருடைய தலையும் போயிற்று. ஆகவே, அந்த இடத்தில் பதினாறாம் லூயிக்குச் சிலை வைத்தால் மகன் தகப்பனைக் குற்றவாளி ஆக்குகிறான். புரட்சிக்குச் சின்னம் வைத்தால் அரசன் தன் கழுத்தைத் தானே நீட்டிக்கொடுக்கிறான். ஒன்றுமே வைக்காமல் விட்டாலோ, அந்த வெறுமையே எல்லாவற்றையும் நினைப்பூட்டுகிறது.

இந்த நிலையில் அவருக்குக் கைகொடுத்தது எகிப்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு கல். மூவாயிரம் வருடத்துக்கு முந்தியது. பிரான்ஸின் எந்தக் கட்சியோடும் அதற்கு உறவுமில்லை, பகையுமில்லை. அதைப் பார்த்து அழவோ ஆத்திரப்படவோ பாரிஸில் ஒருவரும் இல்லை. அரசியலில் எந்த ஒரு சம்பவத்தையும் அது நினைவூட்டாது என்பதே அரசரின் கணக்கு.

சேரன் செங்குட்டுவன் இமயத்திலே கல் எடுத்து, கங்கையிலே நீர்ப்படுத்தி, பகைவர் தலையில் ஏற்றிக் கொண்டுவந்த கதையைப் படித்த நமக்கு இது விநோதமாகத் தோன்றும். அங்கே கல் வருமுன்பே அதன் பொருள் வந்துவிட்டது, கண்ணகிக்காகத்தான் கல். பாரிஸிலோ, பொருள் எதுவும் இல்லை என்று நம்பியதாலேயே ஒரு கல்லை வரவேற்றார்கள்.

அது என்ன கல் என்று கேட்பீர்கள். 'ஒபெலிஸ்க்' என்பது அதன் பெயர். ஒரே கல்லில் செய்த நாற்கோணத் தூண். மேலே போகப்போகச் சிறுத்து, நுனியிலே ஒரு சின்னப் பிரமிட்டாகக் கூம்பும். சூரியனுக்கு உரியது. கோயில் வாயிலின் இரு பக்கமும் இரட்டையாக நிறுத்துவார்கள். இத்தனை கம்பீரமான பொருளுக்கு அந்நியர் இட்ட பெயர்களைப் பாருங்கள். கிரேக்கர் அதைக் கண்டு, இறைச்சி வாட்டும் கம்பி என்றார்கள். அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்தே ஒபெலிஸ்க் வந்தது. அராபியர் பார்த்து, பெரிய ஊசி என்றார்கள், நம்முடைய கோணி ஊசி மாதிரி. சமையற்கட்டுக்கும் சாக்குத் தைப்பவனுக்கும் அப்பால் எவருடைய கற்பனையும் ஓடவில்லை.

கல் பிறந்த இடம் நைல் நதியின் மேற்பகுதியிலுள்ள அஸ்வான். செந்நிறக் கருங்கல் கிடைக்கும் பாறை நிலம். அங்கே முடிக்காமல் கைவிட்ட ஒபெலிஸ்க் ஒன்று இன்றும் பாறையோடு ஒட்டியபடியே கிடக்கிறது. முடிந்திருந்தால் உயரம் ஏறத்தாழ 42 மீற்றர், நிறை ஆயிரம் தொன்னுக்கு மேல். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வெடிப்பு விழுந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள். இரும்பு உளி இல்லாத காலம். கருங்கல்லிலும் கடினமான உருண்டைக் கற்களைக் கையிலே பிடித்து, இடித்து இடித்து, பாறையைத் தூளாக்கியே தூணைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அந்த அடிகளின் தழும்புகள் பாறையில் வரிசை வரிசையாகத் தெரிகின்றன. அரசர்களின் பெயரைக் கல் சொல்கிறது. இடித்தவன் பெயரை அது சொல்லவில்லை. தழும்பை மாத்திரம் வைத்திருக்கிறது.

நாம் பேசும் கல்லைச் செய்வித்தவன் இரண்டாம் ராம்சேஸ், கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அறுபத்தாறு வருடம் எகிப்தை ஆண்டவன். லக்சோர் கோயிலுக்குத் தான் கட்டிய பெரிய முகப்பின் முன்னால் இரண்டு ஒபெலிஸ்க்குகளை நிறுத்தினான். பாரிஸுக்கு வந்தது வலப்பக்கத்தில் நின்றது. உயரம் ஏறத்தாழ 23 மீற்றர், நிறை 230 தொன் அளவில். இடப்பக்கத்துச் சோடி சற்று உயரமானது. அது இன்னும் லக்சோரிலேயே நிற்கிறது.

எகிப்தைத் துருக்கியச் சுல்தானின் பெயரால் ஆண்ட முகம்மது அலி பாஷாவுக்கு இந்தக் கற்கள் பெரிதல்ல. அவருக்கு வேண்டியிருந்தவை கப்பற்படை, தொழிற்சாலை, வைத்தியசாலை, ஐரோப்பியரின் தயவு. கற்களைக் கொடுத்துத் தயவை வாங்கலாம் என்றால் அவருக்கு அது நல்ல வியாபாரம். முதலில் பேச்சு நடந்தது அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் இருந்த இரண்டு ஒபெலிஸ்க்குகளைப் பற்றி. அவற்றை விட்டு லக்சோர்க் கற்களைக் கேட்கும்படி பிரெஞ்சு அரசாங்கத்துக்குச் சொன்னவர் ஒருவர். இந்தக் கதையிலே என் மனதை விட்டு அகலாத மனிதர் அவர்தான்.

ஷான் பிரான்சுவா ஷாம்போலியோன் 1790 டிசெம்பர் 23 இல் பிரான்ஸின் தெற்கே ஃபிஷாக் என்னும் சிற்றூரிலே ஒரு புத்தக வியாபாரிக்கு மகனாகப் பிறந்தவர். சிறுவயதிலேயே மொழிப் பைத்தியம் பிடித்தது. இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், அரபு என்று தொடங்கி, எகிப்தியக் கிறிஸ்தவர்களின் கொப்திக் மொழியிலே போய் நின்றது. தமக்குத்தாமே கொப்திக்கில் பேசிப் பழகினாராம். எகிப்தின் சித்திர எழுத்தை அப்போது எவராலும் வாசிக்க முடியவில்லை. வாசிக்கத் தெரிந்த கடைசி மனிதன் செத்து ஆயிரத்து நானூறு வருடமளவில் ஆகியிருந்தது. அவை எழுத்தே அல்ல, பூசாரிகளின் இரகசியச் சின்னங்கள் என்று பெரிய பண்டிதர்களே சொல்லிவந்தார்கள். றொசெற்றாக் கல்லிலே மூன்று எழுத்தில் பொறித்த ஒரே சாசனம் கிடைத்தபின், தொலமி, கிளியோபாத்ரா போன்ற கிரேக்கப் பெயர்களை எழுத்துக்கூட்டுவது கைவந்தது. ஆனால் அவை அந்நியப் பெயர்கள். பழைய எகிப்தியரின் சொந்தப் பெயர்களையும் இவ்வாறே எழுதினார்களா என்பதுதான் கேள்வி.

1822 செப்டெம்பர் நடுப்பகுதியில் ஒரு நாள், எகிப்துக் கோயில்களிலிருந்து ஒருவர் வரைந்து கொண்டுவந்த படங்கள் ஷாம்போலியோனின் கைக்கு வந்தன. முட்டை வடிவமான ஒரு வளையம். அரசர் பெயரை அந்த வளையத்துக்குள்தான் எழுதுவது வழக்கம். உள்ளே முதலில் ஒரு வட்டம், சூரியன். கடைசியில் 'ஸ்' என்ற ஒலிக்குறி இரண்டு தடவை. அதை அவர் ஏற்கெனவே அறிவார். நடுவிலே இன்னொரு குறி. கொப்திக் மொழியிலே சூரியனுக்கு 'ரே' என்று பெயர். நடுக்குறியை 'மெஸ்' என்று வைத்தால்? ரா, மெஸ், ஸெஸ். ராம்சேஸ்! தமையனார் வேலை செய்த இடத்துக்கு ஓடிப்போய், பிடித்துவிட்டேன் என்று கத்தி, மயங்கி விழுந்தார் என்று குடும்பத்தார் பிற்காலத்தில் சொன்னார்கள். மயங்கியது மெய்யோ பொய்யோ, வாசித்தது மெய். கிரேக்கர் வருவதற்கு முந்திய எகிப்திய அரசரில், ஷாம்போலியோன் முதன்முதலாக எழுத்துக்கூட்டி வாசித்த பெயர்களுள் ஒன்று ராம்சேஸ். லக்சோர்க் கல்லின் நாலு பக்கமும் மேலிருந்து கீழ்வரை பொறித்திருப்பதும் அதே பெயர்தான்.

அதாவது, நேயர்களே, எதையும் நினைவூட்டாத ஊமைக் கல் என்று ஓர் அரசர் எதைத் தேர்ந்தாரோ, அந்தக் கல்லின் வாய் அதற்குப் பதினான்கு வருடம் முன்னரே அவருடைய நாட்டவர் ஒருவராலேயே திறந்தாயிற்று. திறந்த வாய் சொல்வது என்ன? சூரியனின் மகன், வலிமைமிக்க காளை, இரு நாட்டின் வேந்தன் என்று ஓர் அரசனின் புகழைத்தான். நுனியிலே அவன் முழந்தாளிட்டு ஆமோன் தெய்வத்துக்குத் திராட்சை இரசம் படைக்கிறான். அரசர்கள் தெய்வத்தின் பிள்ளைகள் என்று சொல்லும் கல், அரசன் ஒருவனை வண்டியில் ஏற்றிவந்து வெட்டிய சதுக்கத்தில் நிற்கிறது. இதைவிடக் கடுமையான அரசியல் வேறென்ன வேண்டும்? வாசிக்கத் தெரிந்தவர் தொகை அற்பமாக இருந்தது. அதனால் அரசர் தப்பினார்.

ஷாம்போலியோன் 1828 இலும் 1829 இலும் எகிப்தில் அலைந்தபோது லக்சோர்க் கற்களை நேரிலே பார்த்தார். அவற்றின் அழகைப் பற்றி ஊருக்கு எழுதினார். ஒன்றையாவது பாரிஸுக்குக் கொண்டுவரவேண்டும், கொண்டுவருவதானால் வலப்பக்கத்துக் கல்லை, என்று சொன்னார். அதே மனிதர் 1829 நொவெம்பரில் பாஷாவிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தார்: பழைய கோயில்களை இடித்துச் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் கல்லெடுப்பதை நிறுத்துங்கள், இவை காப்பாற்றப்படவேண்டியவை என்று. அதே பயணத்திலே சேத்தி மன்னனின் கல்லறைச் சுவரிலிருந்து ஒரு புடைப்புச் சிற்பத்தைப் பெயர்த்தெடுத்ததும் அவரே; அது பாரிஸில் லூவர் அரும்பொருட்சாலையில் இருக்கிறது. இவரைக் கள்ளன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. காவற்காரன் என்று மட்டும் சொல்லிவிடவும் முடியவில்லை. எகிப்தியரின் பேச்சை எகிப்தியருக்கே மீட்டுக் கொடுத்தவர் அவர். எகிப்தியரிடமே அந்தப் பேச்சை விட்டுவைக்கலாம் என்ற நம்பிக்கைதான் அவருக்கும் அந்தக் காலத்துக்கும் இருக்கவில்லை.

இனிக் கல் எப்படி வந்தது என்று பார்ப்போம். இருநூற்று முப்பது தொன் கல்லை ஏற்றுவதற்கென்றே தெற்குத் துறைமுகமான துலோனில் ஒரு கப்பல் கட்டினார்கள். கடலிலும் ஓடவேண்டும், நைலிலும் ஓடவேண்டும், ஸேன் நதியில் பாரிஸின் பாலங்களுக்குக் கீழாலும் நுழையவேண்டும். ஆகவே அடி தட்டையான ஒரு விசித்திரக் கப்பல். 'லக்சோர்' என்றே பெயர். கப்பற்றலைவர் வெர்னினாக். கல்லுக்குப் பொறுப்பு அப்பொலினேர் லெபா என்னும் கடற்படைப் பொறியியலாளர். 1831 ஏப்ரலில் புறப்பட்டு ஓகஸ்ட் நடுவில் லக்சோர் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்றைய லக்சோர்க் கோயில் பாதிக்குமேல் மண்ணிலே புதைந்திருந்தது. கோயிலுக்குள்ளேயும் சுற்றிலும் குடியானவர்களின் மண்வீடுகள். கல்லிலிருந்து ஆற்றங்கரை வரை ஏறத்தாழ நானூறு மீற்றர் வழி வேண்டியிருந்தது. குறுக்கே நின்ற வீடுகளை விலைக்கு வாங்கி இடித்தார்கள். நூற்றுக்கணக்கான ஊரவர்கள் மண் வெட்டிச் சுமந்தார்கள். இதற்கிடையிலே வாந்திபேதி வந்தது. அந்த வருடம் எகிப்து முழுவதையும் வாரிக்கொண்டுபோன கொள்ளை நோய். ஊரிலே சாவு விழுந்தது. கப்பல் ஆட்களும் படுக்கையில் விழுந்தார்கள். வேலை நிற்கவில்லை. மூடியிருந்த மண்ணை அகற்றிப் பார்த்தபோது, அடியிலிருந்து மேல்நோக்கி நீண்ட வெடிப்பு ஒன்று தெரிந்தது. புதிய வெடிப்பல்ல. ராம்சேஸின் ஆட்களே அதைக் கண்டு, மரத்தாலான ஆப்புகளைப் பொருத்திக் கட்டுப்படுத்தியிருந்தார்கள். முறிந்துபோகக்கூடிய கல் என்று தெரிந்தேதான் லெபா அதைத் தொட்டார். ஒக்டோபர் முடிவில் கயிறுகளிலும் மரச் சட்டங்களிலும் தாங்கி மெல்ல மெல்லச் சாய்த்தார். கப்பலைக் கரையோடு சேர்த்து, முன்பக்கத்தை அறுத்துத் திறந்து, டிசெம்பரில் கல்லை உள்ளே இழுத்து, அறுத்த பக்கத்தை மறுபடி பொருத்தி மூடினார்கள்.

பிறகு காத்திருப்பு. நைலில் வெள்ளம் வந்தாலொழியக் கப்பல் நகராது. எட்டு மாதம் சும்மா கிடந்தார்கள். அந்த எட்டு மாதத்திற்குள், 1832 மார்ச் 4 ஆம் திகதி, பாரிஸில் ஷாம்போலியோன் இறந்துபோனார். வயது நாற்பத்தொன்று.

ஓகஸ்டில் வெள்ளம் வந்தது. கப்பல் இறங்கியது. நதி முகத்திலே மணற்றிட்டு மறித்து, மீண்டும் மாதக்கணக்கில் நிறுத்தியது. 1833 புதுவருடத்தோடு கடலுக்குள் வந்து, ஏப்ரலில் 'ஸ்பிங்ஸ்' என்ற நீராவிக் கப்பல் இழுத்துச் செல்ல, மத்தியதரைக் கடலைக் கடந்து, ஸ்பெயினைச் சுற்றி, ஷெர்பூர், ரூவான் வழியாகப் பாரிஸ் வந்து சேர்ந்தது. சேர்ந்த திகதி 1833 டிசெம்பர் 23. ஷாம்போலியோன் உயிரோடு இருந்திருந்தால் அன்று அவருக்கு நாற்பத்து மூன்று வயது பூர்த்தி. இதைத் திட்டமிட்டு எவரும் செய்யவில்லை. கவனித்தவர்கள் இருந்தார்களோ என்பதும் சந்தேகம்.

கல் மூன்று வருடம் ஆற்றங்கரையோரம் காத்துக் கிடந்தது. பீடத்துக்கான கருங்கல்லைப் பிரான்ஸின் மேற்குக் கரையான பிரித்தானியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. இப்படிக் கல் படுத்திருக்கையிலேதான், 1835 இல், புராதனப் பொருள்களை எகிப்துக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது என்று முகம்மது அலி பாஷா கட்டளை பிறப்பித்தார். ஷாம்போலியோன் கொடுத்த விண்ணப்பத்துக்கு ஆறு வருடம் கழித்து ஒரு பதில் என்று அதைச் சொல்லலாம். போன கல்லுக்கு அது பொருந்தாது.

1836 ஒக்டோபர் 25. கொன்கோர்ட் சதுக்கத்திலே இரண்டு இலட்சம் சனம். நீராவி இயந்திரத்தைக் கொண்டு தூக்குவதாகவே முதலில் எண்ணியிருந்தார்கள்; இயந்திரத்தை நம்ப முடியவில்லை. ஆகவே மூவாயிரம் வருடத்துக்கு முன் நடந்ததுபோலவே மனிதக் கைதான் உதவிற்று. முந்நூறுக்கும் மேற்பட்ட பீரங்கிப்படை வீரர்கள், கப்பலில் நங்கூரம் இழுக்கும் பெரிய சுழல் உருளைகள் பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கயிறு இறுக, படுத்திருந்த கல் தலை நிமிர்ந்தது. லெபா கல்லின் நேர் கீழே போய் நின்றுகொண்டார் என்று சொல்வார்கள். பிழைத்தால் எல்லோரும் காண்போம், பிழைக்காவிட்டால் நான் காணவேண்டியதில்லை என்ற எண்ணம். அரசர் கடற்படை அமைச்சு மாளிகையின் மேன்மாடத்திலே இருந்து பார்த்தார். ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்திலே கல் தன் இடத்தில் அமர்ந்தது. ஆரவாரம் வானைப் பிளந்தது.

ஒன்றைத் திருத்தவேண்டும். கிலட்டின் நின்ற இடத்திலேயே ஒபெலிஸ்க் நிற்கிறதென்று வழிகாட்டிகள் பலர் சொல்கிறார்கள். நான் போனபோதும் ஒருவர் தம் கூட்டத்துக்கு அப்படித்தான் விளக்கிக்கொண்டிருந்தார். அப்படியல்ல. கிலட்டின் அங்குமிங்கும் இடம் மாறியது. பதினாறாம் லூயிக்காக அது நின்றது, பீடத்துக்கும் ஷான்ஸ் எலிஸே வீதிக்கும் இடையில். ஒபெலிஸ்க் நிற்பது பதினைந்தாம் லூயியின் சிலை நின்ற நடு இடத்தில்.

பீடத்தைச் சுற்றி வந்து பார்த்தேன். இரண்டு பக்கங்களிலே பொன்வண்ணக் கோடுகளாகச் சில படங்கள். தெய்வங்களோ அரசர்களோ அல்ல. கயிறுகள், கப்பிகள், சட்டங்கள், சுழல் உருளைகள். கல்லை லக்சோரில் எப்படி இறக்கினோம், பாரிஸில் எப்படி ஏற்றினோம் என்ற பொறியியற் படங்கள். மேலே ராம்சேஸ் தன் வலிமையைச் சொல்கிறான். கீழே பத்தொன்பதாம் நூற்றாண்டு தன் வலிமையைச் சொல்கிறது. வாந்திபேதியும் இடித்த வீடுகளும் இரண்டிலும் இல்லை.

கல்லோடு வந்த பழைய பீடம் என்னவாயிற்று? அதிலே நான்கு வாலில்லாதவைபோல் குந்தி நிற்கும் நாய்முகக் குரங்குகள், உதிக்கும் சூரியனைக் கைதூக்கி வணங்கும் கோலத்தில் செதுக்கியிருந்தன. எகிப்தியர் பக்தியோடு செதுக்கினர். ஆண் குரங்குகள் என்பதை மறைக்காமலும் செதுக்கினர். பெண்களும் பிள்ளைகளும் நடமாடும் சதுக்கத்துக்கு இது அடுக்குமா என்று பாரிஸ் கனவான்கள் கூசினார்கள். குரங்குகள் லூவருக்குள் அடைக்கலம் புகுந்தன. கிலட்டினைக் கூசாமல் பார்த்த சதுக்கம் அது.

லூயி பிலிப்பின் கணக்குக்கு வருவோம். கல் சண்டை மூட்டவில்லை என்பது உண்மை. ஆனால் அரசருக்கு அது காவலாகவும் இருக்கவில்லை. 1848 பெப்ரவரி 24 ஆம் திகதி மறுபடியும் புரட்சி. முடியைத் துறந்த முதியவர் அரண்மனைத் தோட்டத்தினூடாக நடந்து கொன்கோர்ட் சதுக்கத்துக்கு வந்து, அங்கே ஒபெலிஸ்க்கின் அருகே காத்திருந்த வண்டியிலே ஏறித் தப்பினார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் மேன்மாடத்திலிருந்து அவர் பார்த்த கல், இம்முறை கீழிருந்து அவரைப் பார்த்தது. சதுக்கமும் பெயருக்கேற்ற இணக்கத்தை அடைந்துவிடவில்லை. 1934 பெப்ரவரி 6 இல் அங்கே நடந்த கலகத்தில் துப்பாக்கிச் சூட்டிலே பலர் மாண்டார்கள்.

பாஷாவுக்குப் பதில் மரியாதையாகப் பிரான்ஸ் ஒரு மணிக்கூட்டை அனுப்பியது. கெய்ரோக் கோட்டையில் அவருடைய பள்ளிவாசல் முற்றத்தில் அதை வைத்தார்கள். அது ஓடியதைவிட ஓடாமல் நின்ற காலமே மிக அதிகம். கெய்ரோவாசிகள் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. சிரிப்பில் நியாயமும் உண்டு.

இலக்கியத்தில் நாட்டமுள்ள நேயர்கள் பிரெஞ்சுக் கவிஞர் தியோஃபில் கோத்தியே பெயரைக் கேட்டிருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கற்கள் இரண்டையும் பேசவைத்து அவர் ஒரு கவிதை எழுதினார். பாரிஸிலுள்ள கல் மழையிலும் குளிரிலும் நனைந்து லக்சோரை நினைத்து ஏங்குகிறது. லக்சோரிலுள்ள கல்லோ, ஆளரவமற்ற வெயிலில் அலுத்து, பாரிஸில் இருக்கும் உடன்பிறப்பின்மேல் பொறாமைப்படுகிறது. பிரிந்தவர் இருவருக்கும் அக்கரை பச்சை. கோத்தியேயின் கற்பனையில் இந்த இரண்டாம் பகுதி எனக்கு ஒப்பவில்லை. விட்டுச் சென்றவன்மேல் பொறாமை இருக்கிறது என்று சொல்லிக்கொள்வது, எடுத்துச் சென்றவர்களுக்கு வசதியான ஆறுதல். லக்சோருக்குப் போகிறவர் எவரும் முதலில் காண்பது நிற்கும் கல்லையல்ல, அதன் பக்கத்திலுள்ள வெற்றிடத்தைத்தான். சோடியாகச் செய்த வாயில் அது.

உண்மையில் பாஷா கொடுத்தது இரண்டு கற்களையுமே. இரண்டாவதை எடுக்கப் பிரான்ஸ் போகவில்லை. உரிமையைக் கைவிடவும் இல்லை. ஜனாதிபதி மித்தெரான் 1981 இல்தான் அதை எகிப்துக்கே உரியதென முறைப்படி விட்டுக்கொடுத்தார். நூற்றைம்பது வருடம் தன் ஊரிலே நின்ற கல், கடுதாசியில் அந்நியச் சொத்தாக இருந்திருக்கிறது.

இன்னொரு பயணத்தையும் சொல்லவேண்டும். 1976 செப்டெம்பரில் இரண்டாம் ராம்சேஸே பாரிஸுக்கு வந்தான். அவனுடைய பதனிட்ட உடலைப் பூஞ்சணம் அரிப்பதைக் கண்டு, சிகிச்சைக்காக விமானத்தில் அனுப்பினார்கள். விமான நிலையத்திலே இராணுவ மரியாதையோடு வரவேற்பு. மாதக்கணக்கில் அறிவியலாளர் பலர் கூடி வைத்தியம் செய்தனர். 1977 மே மாதம் கெய்ரோ திரும்பினான். கல்லைச் செய்வித்தவன் வந்து, சுகப்பட்டு, ஊர் போய்ச் சேர்ந்தான். கல் போகவில்லை.

திருப்பிக் கேட்பார்களா, கொடுப்பார்களா என்பது நீண்ட வழக்கு. பாஷா கையொப்பமிட்டுக் கொடுத்தார் என்பது ஒரு பக்கம். துருக்கியச் சுல்தானின் ஆளுநர் ஒருவருக்கு ராம்சேஸின் கல்லைக் கொடுக்க யார் அதிகாரம் கொடுத்தது என்பது மறுபக்கம். எனக்கு இரண்டாவது கேள்வியே பலமானதாகப் படுகிறது. வெடிப்புள்ள அந்தக் கல் இன்னொரு பயணத்தைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. அதை லெபா போன்றவர்கள்தான் சொல்லவேண்டும்.

இதற்கிடையில் பாரிஸ் அதை அலங்கரித்தபடியே இருக்கிறது. 1998 இல் நுனிக்குப் பொன்முலாமிட்ட தொப்பி போட்டார்கள். 2024 ஓகஸ்டில் மாற்றுத்திறனாளிகளின் ஒலிம்பிக் விழாவை அதைச் சுற்றியே தொடக்கிவைத்தார்கள். 2021 இல் துப்புரவு வேலைக்காகச் சாரம் கட்டியபோது எகிப்தியல் அறிஞர் ஒருவர் நுனிவரை ஏறிப் பார்த்து, எழுத்துக்குள் எழுத்தாகச் சில மறைபொருட் செய்திகள் இருப்பதாகவும், அவற்றுள் சில நைலில் படகேறி வரும் பிரபுக்களின் கண்ணுக்கென்றே அமைத்தவை என்றும் 2025 இல் வெளியிட்டார். மற்ற அறிஞர்கள் இதை எவ்வளவு ஏற்பார்களோ, பொறுத்திருந்து பார்க்கவேண்டும். ஆனாலும் ஊமைக் கல் என்று நட்டு இரு நூற்றாண்டு ஆகப்போகும் வேளையிலும் அது வாயை மூடியபாடில்லை.

பாரிஸுக்குப் போகிறவர்கள், நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பல் பக்கமிருந்து பன்னிரண்டாம் இலக்க மெட்ரோ பாதையைப் பிடித்தால் நேரே கொன்கோர்ட்டில் இறங்கலாம். மேலே ஏறிவிட அவசரப்படாதீர்கள். அந்த மேடையின் சுவரும் வளைந்த கூரையும் முழுவதும் வெள்ளை ஓடுகள். ஓட்டுக்கு ஓர் எழுத்து. சொற்களுக்கிடையே வெளி தெரியாமல் தொடர்ந்து ஓடுவதால் முதற்பார்வையில் ஒன்றும் விளங்காது. பொறுமையாக எழுத்துக்கூட்டினால் விளங்கும். 1789 இல் புரட்சி வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனம் அது. நான் நின்ற பத்து நிமிடத்தில் மூன்று ரயில்கள் வந்து போயின. ஒரு சிறுபிள்ளை மட்டும் சுவரில் விரலை வைத்து, ஓடு ஓடாக, எழுத்துக்களை உரக்கச் சொல்லிக்கொண்டு போனாள்.